எந்தக் கைச் சாண்

1991இல் எனக்கு எட்டு வயது. என் மூச்சை அளக்க எங்கள் வீட்டில் இருந்தவை ஒரு தீப்பெட்டியும் ஒரு சாணும்தான்.

இளைப்பு எனக்கு மூன்று வயதிலிருந்தே உண்டு. தினமும் காலையில் ஒரு முழு மாத்திரை. அதைப் போட்டால் மூச்சு வரும், கூடவே முகமும் உப்பும். பள்ளிக்கூடத்தில் என் பெயர் பன்னு. கோபம் வந்தால் அக்காவும் அப்படித்தான் கூப்பிடுவாள். அந்த ஐப்பசியில் தாம்பரத்து டாக்டரம்மா என் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, இனிமேல் மாத்திரையைக் குறைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பையன் உயரமே வளரமாட்டான் என்றார். அதற்கு ஒரு வழியும் சொன்னார். காலையில் வாய்க்கு நேராக ஒரு சாண் தள்ளி எரிகிற தீக்குச்சியைப் பிடிக்க வேண்டும். நான் உதட்டைக் குவிக்காமல், வாயை ஆவென்று திறந்து ஊத வேண்டும். அணைந்தால் அன்றைக்கு அரை மாத்திரை. அணையாவிட்டால் முழுசு. ஒரு மாதம் கழித்து வந்து காட்ட வேண்டும்.

"அப்பவும் குறைக்க முடியலைன்னா பெட்ல சேத்துட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். என்னை அங்கே விட்டுவிட்டு இவர்கள் பஸ் ஏறுவதை நான் அப்போதே பார்த்துவிட்டேன்.

முதல் வாரம் அப்பாவுக்குப் பகல் ஷிப்ட். நெடுஞ்சாலை ஓரத்தில் தகடு அடிக்கும் கம்பெனி ஒன்றில் பிரஸ் மெஷினில் வேலை பார்த்தார். வலது கைச் சுண்டுவிரலில் பாதியை அந்த மெஷின் முன்பே எடுத்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவர் பேசமாட்டார். விடிவதற்குள் சைக்கிளில் பிள்ளைப்பாக்கத்தைத் தாண்டியிருப்பார் என்பதால் அம்மாதான் குச்சி பிடித்தாள். கட்டைவிரலை என் மோவாயில் வைத்து, கையை விரித்து, சுண்டுவிரல் முடிகிற இடத்தில் தீக்குச்சி. ஒரே ஊதலில் அணைந்தது. பிளேடால் மாத்திரையை இரண்டாக வெட்டி எனக்குப் பாதி கொடுத்தாள். தேதித் தாளைக் கிழித்து, பின்பக்கம் 'அரை' என்று எழுதி ஆணியில் குத்தினாள். ஏழு நாளும் அரை. நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன், ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த வாரம் அவருக்கு நைட் ஷிப்ட். காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல், "எங்க தீப்பெட்டி?" என்றார். அளந்தார், பற்றவைத்தார். ஊதினேன். சுடர் சாய்ந்தது, மறுபடி நிமிர்ந்தது.

"இன்னாய்யா இது, அவ்ளோ தூரத்துல புடிச்சா நானே அணைக்க மாட்டேன்" என்றாள் அம்மா.

"ஒரு சாண்தான் சொன்னாங்க. யாரு கை சாண்னு சொன்னாங்களா? ஆம்பள சாண் இவ்ளோதான் இருக்கும்."

மறுநாள் நான் உதட்டைக் குவித்துப் பார்த்தேன். "டேய், திருட்டுப் பயலே, ஆன்னு தொற." குச்சி அவர் விரலைச் சுடும்வரை எரிந்தது. பிறகு மெதுவாக, "முழுசாவே குட்த்துடு" என்றார். அப்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. நான் தோற்றதில் இவருக்கு என்ன சந்தோஷம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரம் ஏழு நாளும் முழுசு. அதற்கடுத்த வாரம் மறுபடி அரை. என் வியாதி அப்பாவின் ஷிப்டோடு வந்து போவதாகவே நான் நம்பினேன். நாலாவது வாரம் தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டாலே நெஞ்சு இறுகியது. வாசலில் கோழி இறகை வைத்து ஊதி ஊதிப் பழகினேன். இறகு பறந்தது, தீ அணையவில்லை. பெட்டில் சேர்ப்பதானால் எந்தச் சட்டை எடுத்துப்போவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

தாம்பரத்தில் அம்மா தேதித் தாள்களைக் கட்டாக நீட்டினாள். டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் திருப்பினார்.

"ஒரு வாரம் முழுக்க அரை, ஒரு வாரம் முழுக்க முழுசு. இளைப்பு இப்படிக் கிழமை பாத்து வராதே. வீட்டுல யாருக்கு ஷிப்ட்?"

"அவருக்குத்தாம்மா. அவரு கை பெருசு. சாண் தூரமாப் பூடுது."

"ரெண்டு பேரும் அளக்கற கைய வைங்க."

அம்மா மேசையில் கையை விரித்தாள். அப்பா தயங்கினார், பிறகு பக்கத்தில் வைத்தார். சுண்டுவிரல் பாதியில் நின்றது. அப்பாவின் சாணைவிட அம்மாவின் சாண்தான் ஒரு விரற்கடை கூடுதல்.

யாரும் சிரிக்கவில்லை. நான் குச்சியையே பார்த்திருக்கிறேன், கையைப் பார்த்ததே இல்லை. டாக்டரம்மா என் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கான். இனிமே அரைதான். அம்மாவே புடிக்கட்டும். அடுத்த மாசம் கால் ஆக்கலாம்" என்றார். அப்பா கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். குச்சியைச் சாணுக்கும் அப்பால் தள்ளிப் பிடித்து இத்தனை நாள் என்னை ஏமாற்றியிருக்கிறார். பஸ்ஸில் அவரோடு பேசக்கூடாது என்று முடிவு செய்தேன்.

திரும்பும்போது அம்மா சந்தோஷத்தில் பக்கத்து சீட்டு அம்மாளிடம் லாரிக் கதையை எடுத்துவிட்டாள். போன மார்கழியில் ஒரு சாயங்காலம் எனக்கு உதடு நீலம் பாரித்தது. அப்பா ஓ.டி. பார்த்துக்கொண்டு கம்பெனியிலேயே இருந்தார். அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, செங்கல் லாரியை மறித்து ஏறி, ஆஸ்பத்திரி சேர்ந்தாள். அப்பாவுக்கு மறுநாள் காலை கம்பெனி கேட்டில்தான் தகவல். அவர் வந்தபோது நான் கட்டிலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். "டிரைவரு சட்டையப் புடிச்சு உலுக்கிட்டேன், பாத்துக்கோ" என்று அம்மா அதை வீரக்கதையாகச் சொல்வாள். அவள் நீலத்தையும் பார்த்தாள், அது வடிந்ததையும் பார்த்தாள். அப்பா இரண்டையும் பார்க்கவில்லை. பார்க்காததை அவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது, எட்டாவதோடு படிப்பை விட்டு, ஊர் ஊராகத் திரிந்து, கைநீட்டித் தொட முடியாத தூரத்தில் எனக்கும் ஒரு பிள்ளை இருமத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

அன்றைக்கும் அம்மா லாரியை மறிக்கும் இடம் வந்ததும் அவர் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார். வீட்டிலும் அப்படித்தான், இந்தக் கதை தொடங்கினால் வெளியே போய்விடுவார். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது போல என்று நினைத்தேன். மணிமங்கலம் ஏரிக்காற்று அடித்தது. நான் அவர் விட்டுப்போன ஜன்னலோரத்துக்கு நகர்ந்து, வாயை ஆவென்று திறந்துகொண்டேன்.