நன்றி சொன்னால்தான் கதவு திறக்கும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மலேசியாவில், கிள்ளானில் நான் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தபோது நடந்தது இது. இப்போதும் ஓட்டுகிறேன். அதே வேன்தான், பெயிண்ட் மட்டும் புதுசு. விடிவதற்கு முன்பே கிளம்பி, அடுக்குமாடிகளிலும் தாமான் குடியிருப்புகளிலும் காத்திருக்கும் ஒன்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் இடைநிலைப்பள்ளியில் இறக்குவேன். மதியம் திரும்பக் கூட்டி வருவேன். பிள்ளைகளுக்கு நான் வேன் ஆன்டி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் வீட்டுக்காரரைக் கேட்டால் அந்தக் ‘கொஞ்சம்’ என்ற வார்த்தையை எடுத்துவிடச் சொல்வார்.

மதிய நேரத்தில் அந்த வேனுக்குள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பிள்ளைகள் வெயிலில் வெந்து, பசியோடு ஏறுவார்கள். ஏறியதிலிருந்து ஒரே புலம்பல். அந்த டீச்சர் சரியில்லை, இந்தப் பாடம் புரியவில்லை, இவன் என் காலை மிதித்துவிட்டான். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைகூடத் தோற்றுப்போகும். வீடு போய்ச் சேர்வதற்குள் எனக்குத் தலை வெடித்துவிடும்.

அந்த வருட ஆரம்பத்தில் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. வேன் ஓட்டுகிறவர்களையும் அழைத்திருந்தார்கள். பேச வந்த ஓர் அம்மா, பிள்ளைகள் தினமும் ஏதாவது ஒன்றுக்கு நன்றி சொல்லப் பழகினால் மனம் தெளியும், பள்ளி மீதுள்ள பயம் குறையும் என்றார். எனக்கு அது பிடித்துப்போனது. ஒன்று பிடித்துவிட்டால் நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மறுநாளே வேனில் சட்டம் போட்டேன். வேன் கதவு திறப்பது என் கையில் இருக்கிறது. அவரவர் வீடு வந்ததும், அன்றைக்கு நடந்த நல்லது ஒன்றைச் சொல்லி நன்றி சொன்னால்தான் கதவு திறக்கும்.

“கம்ப்ளேன் எல்லாம் வெளிய வச்சுக்கோங்க. என் வேன்ல நல்லது மட்டும்தான் பேசணும், சரியா?” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

முதல் இரண்டு நாள் முனகினார்கள். அப்புறம் பார்த்தால் போட்டி போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தனுக்குக் கென்டீனில் கடைசி நாசி லெமாக் சோறு கிடைத்ததற்கு நன்றி. ஒருத்திக்கு டீச்சர் வீட்டுப்பாடம் கேட்க மறந்ததற்கு நன்றி. வேன் முழுக்கச் சிரிப்பு. பெற்றோர்கள் வாட்ஸ்அப்பில் பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம், நான் ஒரு பள்ளிக்கூடமே நடத்துவதுபோல் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

ஒன்பது பேரில் ஒருத்தி மட்டும் ஒட்டவில்லை. அந்த வருடம்தான் இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றில் சேர்ந்தவள். அதற்கு முன் கேரி தீவில் ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளியில் படித்தாள். ஆறாம் ஆண்டில் மொத்தமே எட்டுப் பேராம். அப்பா இல்லை. அம்மாவுக்குக் கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் இரண்டு பேரும் இங்கே வந்துவிட்டார்கள். எப்போதும் கடைசி சீட்டில் சன்னலோரமாக உட்காருவாள். அவள் வீடுதான் கடைசியாக வரும்.

அவள் சொன்ன நன்றியெல்லாம் கோணலாக இருந்தது. “ரெசஸ் சீக்கிரம் முடிஞ்சிடுச்சு ஆன்டி, அதுக்கு நன்றி” என்றாள் ஒரு நாள். “மழை பேஞ்சிச்சு, பீஜே இல்ல, அதுக்கு நன்றி” என்றாள் இன்னொரு நாள். ரெசஸ் என்றால் சாப்பாட்டு இடைவேளை, பீஜே என்றால் உடற்கல்விப் பாடம். பிள்ளைகள் ஆசையாகக் காத்திருக்கிற பாடம் அது. மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சும்மா இருக்கவில்லை.

“ஊரே ரெசஸ் எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருக்கு, இவ முடிஞ்சதுக்கு நன்றி சொல்றா பாரு! இதெல்லாம் ஒரு நன்றியா லா? ஒழுங்கா நல்லதா ஒண்ணு சொல்லும்மா.”

அவளும் சிரித்தாள். மறுநாளிலிருந்து ஒழுங்காகச் சொன்னாள். “அம்மா குடுத்த சாப்பாட்டுக்கு நன்றி ஆன்டி.” தினமும் அதேதான். பரவாயில்லை, பிள்ளை தேறிவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு வாரம் வேனில் புளித்த வாடை அடித்தது. பந்து விளையாடுகிற ஒரு பையன் காலில் போடுகிற சப்பாத்துதான் காரணம் என்று அவனை நன்றாக ஏசினேன். சனிக்கிழமை வேனைக் கழுவ எடுத்தபோது, கதவோரத்திலிருந்து எறும்பு வரிசையாகப் பின்னால் போவதைப் பார்த்தேன். அதன் பின்னாலேயே போனேன். கடைசி சீட்டுக்கு அடியில், பிரவுன் பேப்பரில் மடித்த நான்கு சோற்றுப் பொட்டலங்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. கடைசி சீட்டுக்காரியின் அம்மா விடியற்காலையில் எழுந்து ஆக்கி, மடித்துக் கொடுத்துவிட்டுத் தொழிற்சாலைக்கு ஓடுகிறவர். இவள் அதைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, சாப்பாட்டுக்கு நன்றி என்று என்னிடமே கதை விடுகிறாளா? திங்கள் வரட்டும், உண்டு இல்லை என்று பார்த்துவிடுகிறேன் என்று கறுவிக்கொண்டேன்.

திங்கள் மதியம் மற்ற எட்டுப் பேரும் இறங்கியதும் வேனை ஓரமாக நிறுத்தினேன். திரும்பி உட்கார்ந்து, பொட்டலங்களைப் பற்றிச் சொல்லிக் கொட்டித் தீர்த்தேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க ஆன்டி. குப்பையில போட மனசு வரல. வீட்டுக்கும் கொண்டு போக முடியாது.”

“சாப்பிட்டுத் தொலைச்சா என்ன?”

“டாய்லெட்ல உட்கார்ந்து எப்படி ஆன்டி சாப்பிடுறது?”

எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் மெதுவாகச் சொன்னாள். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்ததால், இந்தப் பள்ளியில் எல்லாரும் பேசுகிற மலாய் அவளுக்குச் சரளமாக வராது. படிவம் இரண்டு பிள்ளைகள் நான்கு பேர், ரெசஸ் நேரத்தில் அவளைச் சுற்றி நின்று மலாயில் பேசச் சொல்வார்களாம். அவள் திணறினால், அப்படியே நடித்துக் காட்டிச் சிரிப்பார்களாம். சாப்பாட்டைத் தட்டிவிடுவார்களாம். பீஜே நேரத்தில் திடலிலும் அதே கதைதான். அதனால் மணி அடித்ததும் கழிவறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொள்வாள். ரெசஸ் முடிந்தால்தான் வெளியே வருவாள். ஸ்கூலில் இருந்து நின்றுவிடப் போவதாகவும், சித்தியின் சலூனில் தலை கழுவிவிடும் வேலைக்குப் போகப் போவதாகவும் சொன்னாள். பதின்மூன்று வயது!

“ஏம்மா என்கிட்ட முன்னாடியே சொல்லல?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

“முதல்லயே சொன்னேனே ஆன்டி. நீங்கதான் அது நன்றி இல்லன்னு சொன்னீங்க.”

குற்றம் சாட்டுகிற குரலில் அவள் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ரெசஸ் முடிந்ததற்கு நன்றி, மழைக்கு நன்றி என்று ஆரம்பத்திலேயே அந்தப் பிள்ளை எங்கே வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். அந்த நான்கு பிள்ளைகளுக்கும் எனக்கும் அன்றைக்கு என்ன வித்தியாசம்?

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எனக்கு நல்ல வேளை, கண் முழுக்கக் கெட்டுவிடவில்லை. அன்று சாயந்திரம் அவள் அம்மா வேலை முடிந்து வரும்வரை அவர்கள் வீட்டு வாசலிலேயே காத்திருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா பதறிப்போய், “ஏன்டி என்கிட்ட சொல்லல?” என்று மகள்மேல் பாய்ந்தார். நான் குறுக்கே நின்றேன்.

“அவள ஏசாதீங்க சிஸ்டர். அவ சொன்னா. நான்தான் வாய அடைச்சிட்டேன்.”

மறுநாள் அவர் லீவு போட்டார். இருவரும் ஆலோசக ஆசிரியரைப் போய்ப் பார்த்தோம். என் நீளமான வாய் அன்றைக்குத்தான் உருப்படியாகப் பயன்பட்டது. அந்த ஆசிரியர் பொறுமையாகக் கேட்டார், எழுதிக்கொண்டார், அந்த நான்கு பிள்ளைகளின் பெற்றோரையும் கூப்பிட்டுப் பேசினார். ரெசஸ் நேரத்தில் இவளுக்கு நூலகத்தில் ஒரு பொறுப்புக் கொடுத்து, அதே வகுப்புப் பிள்ளைகள் இருவரைக் கூடச் சேர்த்துவிட்டார். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். ஒரு மாதம் இழுத்தது. ஆனால் சலூன் பேச்சு நின்றது.

வேனிலும் ஒரு கணக்கு பாக்கி இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை, ஒன்பது பேரும் உட்கார்ந்திருக்கும்போதே, நான் போட்ட சட்டம் தப்பு என்று சொல்லி எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். சப்பாத்துக்காரனிடம் தனியாக ஒரு மன்னிப்பு. அவன் ரொம்பப் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டான். புதுச் சட்டம் இதுதான்: முதலில் புகார், அப்புறம் நன்றி. புகார் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம், யாரும் சிரிக்கக் கூடாது. சொல்லப் பிடிக்கவில்லை என்றால் சும்மா இறங்கிப் போகலாம்.

இரண்டே வாரத்தில், ஒருத்தி சொன்ன புகாரிலிருந்து, பலகையில் எழுதுவது அவள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று புரிந்து, வீட்டில் கண்ணாடி வாங்கிப் போட்டார்கள். என் தலைவலி பழையபடி வந்துவிட்டது. ஆனால் பிள்ளைகள் புகாரைக் கொட்டிவிட்டுச் சொல்கிற நன்றி வேறு மாதிரி இருக்கும். அவசரப்படாமல், யோசித்துச் சொல்வார்கள். கடைசி சீட்டுக்காரி வாய் திறக்கப் பல நாள் ஆனது. திறந்தபோது அவள் சொன்ன முதல் புகார், “ஆன்டி, நீங்க போடுற பாட்டெல்லாம் ரொம்ப பழசு, காது வலிக்குது.” வேனே கைதட்டியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன்.

இன்று அவள் படிவம் நான்கு. இன்னும் என் வேனில்தான் வருகிறாள். நன்றி சொல்லும் பழக்கம் பிள்ளைகளின் மனதைத் தேற்றும் என்பதில் எனக்கு இன்றைக்கும் துளி சந்தேகம் கிடையாது. அவள் சொன்ன முதல் நன்றியை நான் காது கொடுத்துக் கேட்டிருந்தால், அந்தப் பிள்ளை அத்தனை நாள் பட்டினி கிடந்திருக்க மாட்டாள்.