பாதி மலையில் திரும்பச் சொன்னார்

விடியற்காலையில் தீர்த்தமலை தரிசனம், ஆறேழு மணி நேரம் காரோட்டிப் போய் மாலையில் முதுமலை சஃபாரி, எல்லாம் ஒரே நாளில் என்று திட்டம் போட்டவர் என் கணவர். மலையில் பாதிப் படியிலேயே மாமியாருக்கு மூச்சு வாங்கியது. தீர்த்தத்தில் நனைய வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை.

"போதும்மா, இறங்குங்க. சஃபாரிக்கு லேட்டாயிடும்," என்றார் கணவர். மாமியார் இறங்கத் திரும்பினார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நீங்க போய்ப் புலியப் பாருங்க. அத்தைய நான் கூட்டிக்கிட்டுப் போறேன்," என்றேன். அவர் நிஜமாகவே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினோம். பாறையிலிருந்து விழுந்த தண்ணீரில் நனைந்தபடி, "அவன் வூட்டுக்கு வந்தா சண்ட போடாத கண்ணு," என்றார் மாமியார்.

சண்டை போடவில்லை. கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. இப்போதெல்லாம் பயணத் திட்டம் போடுவது நான்தான்: ஒரு நாளைக்கு ஓர் இடம், அதுவும் அத்தையின் நடைக்குத் தகுந்தபடி.