இரண்டு பம்புகள்

என் மனைவி மூச்சிழுப்புக்காக வாயில் வைத்து உறிஞ்சும் மருந்தை எங்கள் வீட்டில் 'பம்பு' என்றே சொல்வோம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் கருவிக்கும் அதே பெயர்தான். ஒரு சொல் இரு பொருள் தரும் செய்யுள்களை வாழ்நாளெல்லாம் ஓதி மகிழ்ந்தவன் நான். அந்த ஐப்பசிக் காலையில் இந்தச் சிறு சொல்லே என்னை நடுங்க வைத்தது.

முந்தின நாளே அவளுடைய பம்பு தீர்ந்துபோயிருந்தது. விடிந்தபோது அவளால் படுக்க முடியவில்லை. சுவரில் கையூன்றி உட்கார்ந்து ஒவ்வொரு மூச்சையும் ஆழ்கிணற்றிலிருந்து இறைப்பவள்போல் இழுத்துக்கொண்டிருந்தாள். பிச்சாட்டூர் அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். எங்கள் ஊர்த் தரைப்பாலம் மூழ்கியதால் பஸ்ஸும் ஆட்டோவும் வரவில்லை. மருந்துக்கடைக்குப் போக ஏரிக்கரை வழி ஒன்றுதான் மிச்சம். அதுவும் ஓரிடத்தில் அரித்துப்போய், நடந்து கடக்கப் பலகை போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு மருமகளை மனைவிக்குத் துணையாக இருத்திவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். அந்தப் பெண் தெலுங்கு வீட்டில் பிறந்தவள். அவசரம் வந்தால் தமிழ் அவளை விட்டுப் போய்விடும்.

மருந்து கிடைத்துவிட்டது. திரும்பும் வழியில், கரையின் நடுவே, பின்சக்கரம் தரையில் உட்கார்ந்தது. சீமைக்கருவேல முள் டயரில் பாதி புதைந்து நின்றது. வீட்டுக்கு நடந்தால் நேரமாகும். ஒட்டிவிட்டு மிதித்தால் விரைவில் போய்விடலாம் என்று கணக்கிட்டேன். அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, "பஞ்சராயிடுச்சும்மா. ஒட்டிக்கினு வந்துடறேன். அவங்கள விட்டு நகராதே" என்றேன்.

சற்றுத் தள்ளித் தூண்டில் போட்டிருந்தவர் என் நெற்றித் திருமண்ணையும் டயரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு கால் சூம்பிய மனிதர்.

"இன்னா சாமி, பெருமாள பின்னாடி ஏத்திக்கினு வந்தியா? டயரு ஒக்காந்துடுச்சே!"

என் முகத்தைக் கண்டதும் அவர் சிரிப்பு அடங்கியது. விஷயத்தைச் சொன்னேன். தடியை ஊன்றி வந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

சீட்டின் கீழிருந்த பையைத் திறந்தேன். முள்ளைப் பிடுங்கி, லீவரால் டயரை நெம்பி டியூபை உருவினேன். முள் குத்திய இடத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொல்யூஷன் தடவினேன். அது காய வேண்டும். ஈரத்தில் ஒட்டினால் பிய்த்துக்கொள்ளும். காயும் அந்த நேரத்தை நான் எப்படிச் சொல்வேன்! மனத்தை நிறுத்தப் பாசுரம் ஒன்றைத் தொடங்கினேன். சிறுவயது முதல் ஒரு நாளும் தவறாமல் சொன்னது. இரண்டாம் அடிக்குமேல் வரவில்லை. அந்த இடத்தில் அவளுடைய மூச்சின் விசில் சத்தமே கேட்டது.

ஒட்டுத்துண்டை அழுத்தினேன். டியூபை உள்ளே தள்ளி டயரைப் பூட்டினேன். பம்புக்காகச் சட்டத்தின் பக்கம் கையை நீட்டினேன். கொக்கி காலியாக இருந்தது. சென்ற மாதம் அது தளர்ந்ததிலிருந்து பம்பு வீட்டில் ஆணியில் தொங்குகிறது.

"சாமி, போனு அடிக்குது பாரு," என்றார் தூண்டில்காரர்.

பக்கத்து வீட்டுப் பெண்தான். கரையில் சிக்னல் அறுந்து அறுந்து வந்தது.

"மாமா... காலி போயிந்தி... பம்பு... பம்பு..."

தொடர்பு அற்றது. தெலுங்கில் 'காலி' என்றால் காற்று. 'போயிந்தி' என்றால் போய்விட்டது. திரும்ப அழைத்தேன், மணி போகவில்லை.

"இன்னாவாம்?"

மருந்துப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன்.

"சைக்கிள நான் பாத்துக்கறேன், நீ ஓடு!" என்ற குரல் பின்னால் தேய்ந்தது.

ஓடும்போது திருமலை இருக்கும் திசையை ஒருமுறை பார்த்தேன். மேகம்தான் தெரிந்தது. உடல் விழுவதும் அவன் திருவடி சேர்வதே என்று எத்தனை பேருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறேன்! அன்று அந்தப் பேச்சு ஒன்றும் நெஞ்சில் நிற்கவில்லை. இன்று வேண்டாம், இன்று மட்டும் வேண்டாம் என்பதே என் வேண்டுதலாக இருந்தது.

பலகை போட்ட இடத்தை நெருங்கும்போது எதிரே அந்தப் பெண் ஓடி வருவதைக் கண்டேன். மனைவியை விட்டு வருகிறாள். அங்கே காவல் இருக்க இனி ஒன்றுமில்லை என்றுதானே பொருள்? என் கால்கள் நின்றுவிட்டன. அவளை வரவிடாமல் தடுக்க முடிந்தால் தடுத்திருப்பேன்.

அருகில் வந்தாள். அவள் கையில் சைக்கிள் பம்பு.

"காலி போயிந்தா, பம்பு பம்பாலான்னு கேட்டேனே மாமா! காத்து போச்சா, பம்ப அனுப்பட்டுமான்னு. லைன் கட்டாயிடுச்சி. அத்தம்மாவுக்குப் பேச முடியல. ஆணியக் காட்டி, கையால தள்ளித் தள்ளி, போ போன்னாங்க."

போயிந்தி இல்லை, போயிந்தா. அசைக்கு அசை நிறுத்திப் பாசுரம் ஓதுகிறவன் ஓர் எழுத்தைத் தவறவிட்டிருந்தேன்.

"மூச்சு?"

"காலைல விட மோசம் மாமா. இங்க குடுங்க!"

பையைக் கொடுத்தேன். பம்பை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பி ஓடினாள். என் ஓட்டத்தைவிட அவள் ஓட்டம் பயன்படும். பின்தொடரப் பார்த்தேன், முழங்கால் மடங்கவில்லை. வீடு சேர இனிச் சைக்கிள்தான் கதி என்று வந்த வழியே நொண்டி நொண்டித் திரும்பினேன்.

தூண்டில்காரர் சைக்கிளோடு காத்திருந்தார். வால்வைப் பிடித்துக்கொண்டார். நான் அடித்தேன். ஒவ்வொரு தள்ளலுக்கும் டயர் சிறிது எழுந்தது. என் நெஞ்சு எழவில்லை. அங்கே அவள் வாயில் மருந்து பட்டிருக்குமா? பலகையில் அந்தப் பெண்ணின் கால் வழுக்கியிருந்தால்?

டயர் கெட்டிப்பட்டபோது போன் ஒலித்தது. எடுக்க அஞ்சினேன்.

"எடு சாமி," என்றார் அவர்.

காதில் வைத்தேன். பேச்சு இல்லை. ஒரு மூச்சு கேட்டது. உள்ளே போய், நின்று, முழுதாக வெளியே வந்தது. அதன் வால்பகுதியில் விசில் இன்னும் இருந்தது. பிறகு அவள் குரல், துண்டு துண்டாக:

"சைக்கிள்ல... காத்து... நிக்குதா?"

நிற்கிறது என்று சொல்ல எனக்கு மூச்சு வரவில்லை.