வுடு, வுடாத

எங்கள் வீட்டுக் கணினிக்குப் பன்னிரண்டு வயதுக்கு மேல் இருக்கும். பொத்தானை அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போய் இரண்டு தோசை வார்த்துக்கொண்டு வந்தால், அப்போதுதான் தூக்கம் கலைந்து திரையைக் காட்டும். அதைத் தூக்கிக் கடாசச் சொன்னவர்கள் பலர். என் கணவருக்குப் பேச்சு திரும்பியதில் அதற்கும் பங்கு உண்டு என்று சொன்னால் அவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். நான் நன்றி சொல்ல வேண்டியவர்களை வரிசையாக நிற்க வைத்தால் அந்தப் பழைய பெட்டிக்கும், அதற்குக் காவலாக நான் தேடிப் பிடித்த ஒரு சின்ன ஃபயர்வாலுக்கும் முன்வரிசையிலேயே இடம் தருவேன்.

என் கணவர் ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் லாரி கேட்டில் வேலை பார்த்தவர். சுண்ணாம்புக்கல் லாரி உள்ளே போவதற்கும் மூட்டை லாரி வெளியே வருவதற்கும் அவர் கையெழுத்து வேண்டும். முப்பது வருஷம் அந்தக் கேட்டில் கத்திப் பேசிப் பழகிய தொண்டை, ஓய்வு பெற்றுப் பெரம்பலூருக்கு வந்த பிறகும் இறங்கவில்லை. அவர் போனில் பேசினால் எதிர்முனையில் இருப்பவருக்குப் போனே தேவையில்லை என்று கேலி செய்வேன். அந்த மனிதர் ஒருநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அப்படியே சரிந்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு மாதத்தில் காலும் கையும் ஓரளவு தேறின. பேச்சு மட்டும் வரவில்லை. வார்த்தை தொண்டை வரை வந்து நிற்பது எனக்குக் கண்ணால் தெரியும். வெளியே வந்தால் பாதிதான் வரும், அதுவும் குழறி வரும்.

திருச்சியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண், வாராவாரம் அவரை இழுத்துக்கொண்டு வர வேண்டாம், வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வீடியோவிலேயே பாடம் வைத்துக்கொள்ளலாம் என்றார். போன் திரை சரிப்படவில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு இவருக்கு வலது ஓரம் சரியாகத் தெரியாததால் படங்கள் பெரிதாக வேண்டும். ஆஸ்பத்திரிக்குச் செலவழித்துவிட்டு வந்த கையோடு புதுக் கணினி என்ற பேச்சையே எடுக்க முடியாது. ஆகவே மூலையில் துண்டு போர்த்திக் கிடந்த பழைய பெட்டிக்கு ஒரு கேமராவை மாட்டினேன்.

முதல் பாடமே கண்ணீராகப் போனது. பயிற்சியாளர் ஒரு மாட்டின் படத்தைக் காட்டி, "சொல்லுங்க சார், இது என்னது?" என்று கேட்பார். இவர் உதட்டைக் குவித்து, கழுத்து நரம்பு புடைக்க, "மா" என்று தொடங்குவார். அந்த நேரம் பார்த்துத் திரை உறைந்துவிடும். திரும்ப உயிர் வரும்போது இவர் பிடித்து வைத்திருந்த வார்த்தை நழுவிப் போயிருக்கும். ஒருமுறை, இரண்டு முறை இல்லை, பாடம் முழுக்க இதே கதை. மூன்றாவது வியாழக்கிழமை அவர் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். இப்படியே விட்டால் இந்த மனிதர் பேசவே மாட்டார் என்ற பயம் அன்றுதான் எனக்கு முதன்முதலில் வந்தது.

ஆலைப் பக்கம் நாங்கள் குடியிருந்தபோது அரியலூர்க் கடை ஒன்றில் வாங்கிய பெட்டி அது. அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். நாற்பது வயதைத் தாண்டிய கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, இதுல இருக்கிற மெமரியே கொஞ்சூண்டு. பாதுகாப்புக்குன்னு போட்டு வெச்சிருக்கீங்களே, அந்தப் பெரிய சாஃப்ட்வேரே பாதியத் தின்னுடுது. அப்புறம் நீங்க பேசுறதுக்கு எடம் எங்க இருக்கும்? பேசாம புதுசு வாங்கிடுங்க."

"ஒங்க கடையில வாங்குனதுதான் தம்பி இது. அன்னைக்கு நீங்கதான் இத ஆனை மாதிரி ஒழைக்கும்னு சொன்னீங்க" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் சிரித்துக்கொண்டே அந்தப் பெரிய பாதுகாப்பை நீக்கிக் கொடுத்தார். பெட்டி பாரம் இறக்கிய மாடு மாதிரி நடந்தது. அடுத்த பாடத்தில் ஒரு தடவைகூடத் திரை நிற்கவில்லை. இவர் "மாடு" என்றார். நான் அடுப்படியில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

காவலை எடுத்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. விளம்பரங்கள் குதித்து வர ஆரம்பித்தன. ஒருநாள் பாடத்தின் நடுவில் திரை முழுக்கச் சிவப்பாகி, ஆபத்து ஆபத்து என்று இங்கிலீஷில் கத்திக்கொண்டு ஒரு சைரன் ஊதியது. ஏமாற்றுக்காரர்களின் வேலை என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் சைரன் கேட்டால் ஓட வேண்டும் என்று ஆலையில் பழகியவர் அவர். எழுந்து ஓடப் பார்த்து நாற்காலியோடு விழ இருந்தார். அதற்குப் பிறகு இரண்டு நாள் 'மாடு'கூட வரவில்லை.

காவலும் வேண்டும், அது பாரமாகவும் இருக்கக் கூடாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் போனில் தேடித் தேடிப் படித்தேன். ஃபயர்வாலுக்குத் தமிழில் தீச்சுவர் என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் மாரியம்மன் கோயில் தீமிதிதான் நினைவுக்கு வந்தது. போகப் போக விஷயம் புரிந்தது. கணினிக்குள் யார் வருகிறார்கள், யார் வெளியே போகிறார்கள் என்று பார்க்கிற கேட், அவ்வளவுதான்.

முதலில் போட்ட ஃபயர்வால் பார்க்கச் சின்னதாக இருந்தது. போட்ட பிறகு வானிலை சொல்ல ஒன்று, குப்பை கூட்ட ஒன்று, பரிசு விழுந்திருக்கிறது என்று சொல்ல ஒன்று என்று கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது. சாப்பிடக் கூப்பிட்டால் குடும்பத்தோடு வந்து தங்கிவிடுவார்களே, அந்த ரகம். மறுநாளே அனுப்பி வைத்தேன். இரண்டாவது நிஜமாகவே இலகு. ஆனால் எல்லாவற்றையும் எண்களில் கேட்டது. எனக்கும் எண்ணுக்கும் பள்ளிக்கூடத்திலிருந்தே பேச்சுவார்த்தை இல்லை. பிறகுதான் கணினியோடு கூடவே ஒரு ஃபயர்வால் வந்திருப்பதும், பெரிய பாதுகாப்பு வந்தபோது அதை அணைத்துப் போட்டிருந்ததும் தெரிந்தது. அது புதிதாக எந்த இடத்தையும் அடைக்காது. தட்டி எழுப்பினால் போதும்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து பெருமையாகச் சொன்னேன்: "இது உள்ள வர்றதெல்லாம் தடுத்துடும்ங்க. வெளிய போறத ஒண்ணும் கேக்காது. நமக்கு அது போதும்ல?"

இடது கையை வேகமாக ஆட்டினார். எழுதிக் காட்டுவதற்காக வைத்திருந்த சிலேட்டை இழுத்து ஒரு கட்டம் போட்டார். உள்ளே போகும் அம்பு ஒன்று, வெளியே வரும் அம்பு ஒன்று. வெளியே வரும் அம்பின் மேல் சாக்பீஸ் உடையும்படி நாலு கோடு இழுத்தார். எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. உள்ளே வரும் லாரியில் கல்தான் இருக்கும், அதை எவன் திருடப் போகிறான், வெளியே போகிற லாரியைத்தான் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று அவர் சாப்பிடும்போது எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! கணினிக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்ட விளம்பரச் சனியன், வெளியே போய்த்தானே மற்றவற்றைக் கூட்டிக்கொண்டு வருகிறது? பேச முடியாத மனிதர் எனக்குப் பாடம் எடுத்துவிட்டார்.

கூடவே இருந்த அந்த ஃபயர்வாலின் மேல் உட்கார்ந்துகொண்டு, வெளியே போக நினைக்கும் ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் அனுமதி கேட்கிற ஒரு குட்டி நிரலைக் கடைசியில் கண்டுபிடித்தேன். இலவசம். இடம் அடைக்காதது. எந்த ஊர்க்காரர் எழுதினாரோ, அவர் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்க வேண்டும். பெட்டி பழசு என்பதால் பேங்க் வேலை எதையும் அதில் வைத்துக்கொள்வதில்லை என்றும் முடிவு செய்தேன். பாடத்துக்கு மட்டும்தான் அது.

ஏதாவது வெளியே கிளம்பினால் திரையின் இடது ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் எழும்பும். இன்னார் வெளியே போகிறார், விடலாமா, தடுக்கலாமா? நான் பெயரைப் படித்துச் சொல்வேன். முடிவு அவருடையது. தலையசைப்பை ஏற்றுக்கொள்ளவே கூடாது, வாயால்தான் சொல்ல வைக்க வேண்டும் என்பது பயிற்சியாளரின் உத்தரவு. அதனால் நான் அவர் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்பேன். அவர் முக்கி முனகி, "வுடு" என்பார். எங்கள் பக்கம் விடு என்று யாரும் சொல்வதில்லை, வுடுதான். நான் அனுமதியை அழுத்துவேன். அடுத்ததற்கும் "வுடு." அதற்கடுத்ததற்கும் அதேதான். வேலையில் இருந்தபோது அத்தனை கறாராக இருந்தவர் இப்போது இவ்வளவு தாராளமாகிவிட்டாரே என்று எனக்குள் சிரிப்பு வேறு.

பத்து நாளில் பெட்டி மறுபடி நொண்ட ஆரம்பித்தது. வியாழக்கிழமைப் பாடத்தில் படம் உறைந்து, பயிற்சியாளர் போனில் கூப்பிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில், பயிற்சியாளர் போனில் காத்திருக்கிறார் என்பதையும் மறந்து கத்தினேன்: "எல்லாத்தையும் வுடு வுடுன்னு நீங்கதானே சொன்னீங்க! இப்ப பாருங்க!"

அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் நீர் முட்டியது. "வுடு" என்றார். மேஜையைத் தட்டி மறுபடி, "வுடு... வுடு..." என்றார். போனிலிருந்து பயிற்சியாளர் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, கொஞ்சம் பொறுங்க. அவரு வுடுன்னு சொல்லல. நல்லாக் கேளுங்க. வுடாதன்னு சொல்றாரு. கடைசி எழுத்து வராம, 'வுடா' குழறி 'வுடு' மாதிரி கேக்குது."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நம் பேச்சில் மறுப்பு வார்த்தையின் வாலில் இருக்கிறது. வராத, போடாத, வுடாத. வாய்க்கு வால் எட்டாத மனிதருக்கு 'ஆமாம்' மட்டும்தான் மிச்சம். பத்து நாளாக அவர் கேட்டை மூடு மூடு என்று கதறியிருக்கிறார், நான் ஒவ்வொரு லாரியாகத் திறந்து விட்டிருக்கிறேன். அனுமதித்தவற்றின் பட்டியலைத் திறந்து காட்டினேன். பதினொரு பெயர்களில் ஏழின் மேல் விரலை வைத்துத் தட்டினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். வெட்கமெல்லாம் படவில்லை.

பயிற்சியாளருக்கு நான் செருப்பாய்த் தேய்ந்தாலும் தகும். மாட்டையும் மரத்தையும் ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் கட்டத்தையே பாடமாக்கினார் அவர். "சார், புத்தகத் தமிழ் வேணாம். ஒங்க ஊரு பேச்சுலயே சொல்லுங்க. வுடு. வுடா... த." வுடு எளிது. அந்த 'த' வர ஆறு வாரம் ஆனது. வந்த அன்று பெட்டி ஏதோ ஒன்றுக்கு அனுமதி கேட்க, அவர் நாக்கைப் பல்லில் முட்டி, "வுடாத" என்றார். நான் தடுப்பை அழுத்தினேன். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த தோரணையைப் பார்க்க வேண்டுமே, சட்டைப்பையில் பேனா இல்லாததுதான் குறை.

சில வாரங்களில், எதை விடுவது, எதைத் தடுப்பது என்று எல்லாவற்றுக்கும் விதி எழுதி முடிந்தது. படம் நிற்காமல் ஓடியது. பெட்டி எதையும் கேட்பதில்லை. நிம்மதியாக இருக்க வேண்டியவர் சப்பென்று ஆகிவிட்டார். திரை ஓரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, நாலைந்து விதிகளைத் திருட்டுத்தனமாக அழித்துவிடுவேன். அவர் வந்து உட்கார்ந்ததும் கட்டம் எழும்பும். "வுடு." "வுடாத." முகம் மலர்ந்துவிடும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒருநாள் காலை அப்படி அழித்துக்கொண்டிருக்கையில் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"அழிக்காத."

திரும்பினேன். இடுப்பில் துண்டோடு நின்றார். யாரும் சொல்லிக்கொடுக்காத வார்த்தை. வாலோடு வந்த வார்த்தை.

"எனக்கு... தெரியும்" என்றார். பெட்டியைக் காட்டினார். "அது கேக்க வேணாம்." பிறகு விரலை என் பக்கம் திருப்பினார். "நீ கேளு."

எனக்கு உறைத்தது. அவர் விழுந்த நாளிலிருந்து நான் அவரிடம் எதையுமே கேட்டதில்லை. என்ன சட்டை, என்ன சாப்பாடு, யாரைப் பார்க்கப் போகலாம், கதவைத் திறக்கவா மூடவா, எல்லாம் நானே முடிவு செய்தேன். அவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்றுதான் செய்தேன். பதிலுக்குக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை என்பதும் உண்மை. அந்த வீட்டில் அவரிடம் அனுமதி கேட்டது ஒரு ஃபயர்வால் மட்டும்தான்.

கேட்டேன்: "ஏங்க, இன்னைக்கு என்ன கொழம்பு வெக்கட்டும்?"

உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது.

"கத்திரிக்கா... வேணாம்."

மெத்தென்று இருக்கும், விழுங்கச் சிரமம் இருக்காது என்று, விழுந்ததிலிருந்து எட்டு மாதமும் வாரத்தில் நாலு நாள் அவருக்குக் கத்திரிக்காய்தான் வைத்திருந்தேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டிருக்கிறார். சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

"சரிங்க, வேணாம். வேற என்ன வேணும், சொல்லுங்க" என்றேன். அவர் சொல்லி முடிக்கும்வரை அடுப்பைப் பற்றவைக்காமல் காத்திருந்தேன்.