பதினேழு கேள்விகள்

ஏசுராஜுக்கு ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள். பக்கத்துக் கட்டில் ரஃபி அகமதுவின் வயிற்றில் ஒட்டியிருந்த பை ஒழுகி மெத்தை நனைந்துவிட்டது. வயதானவர், வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார். ஏசுராஜ் மெல்ல எழுந்து தன் சொம்புத் தண்ணீரை அந்த மெத்தையில் கவிழ்த்தார். நர்ஸ் வந்ததும், "நான்தாம்மா கைதவறிக் கொட்டிட்டேன்" என்று திட்டு வாங்கிக்கொண்டார். அதைப் பார்த்தது அவர் மனைவி ஜெயபுஷ்பம் மட்டும்தான்.

ஆம்பூர் தோல் கம்பெனியில் சாய டிரம் ஓட்டியவர் ஏசுராஜ். மூத்திரப்பையில் புற்றுநோய். வேலூரில் ரோபோ வைத்து அதை எடுத்துவிட்டு, மூத்திரம் இறங்க வயிற்றின் மேல் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டினார்கள். டாக்டரம்மா தள்ளி உட்கார்ந்து ரோபோவின் கைகளை ஓட்டினாராம். "அவங்களும் நம்மள மாதிரி மெஷின் ஓட்டறவங்கதான்" என்று சிரிப்பார் ஏசுராஜ்.

இப்படி ஆபரேஷன் ஆனவர்கள் பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று நாலைந்து ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஆராய்ச்சி செய்தன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹரிணி என்ற பெண் போனில் பதினேழு கேள்வி கேட்பாள். வலி இருக்கா, பசிக்குதா, எடை குறைஞ்சுதா.

"நல்லா இருக்கேம்மா" என்பார் எல்லாவற்றுக்கும்.

ஒன்றரை வருடத்தில் இடுப்பு வலி வந்தது. சட்டை தொளதொளத்தது. அப்போதும் அதே பதில்தான்.

"ஏங்க, அந்தப் பொண்ணுகிட்ட எதுக்குப் பொய் சொல்றீங்க?"

"பரீட்சை மாதிரி புஷ்பம் இது. நான் கம்மியா சொன்னா டாக்டரம்மாவுக்கு மார்க் போயிடும். உயிர் குடுத்தவங்கள பேஜார் பண்ணலாமா?"

ஸ்கேனுக்குத் தேதி கொடுத்தார்கள். கிறிஸ்துமஸ் முடியட்டும் என்றார். அவள் ஜெபம் பண்ணினாள், ஆனால் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஸ்கேன் எடுத்தபோது நோய் எலும்பில் இறங்கியிருந்தது.

அவர் போய் இரண்டு மாதம் ஆகிறது. மத்தியானத்தில் குளியலறையில் அவர் பையைத் திறந்துவிடும் சத்தம் இன்னும் கேட்கிறது. போய்ப் பார்த்தால் தரை காய்ந்து கிடக்கும். கர்த்தாவே என்று திரும்பி வருவாள்.

போன வாரம் அந்தச் சத்தத்தோடு போனும் அடித்தது.

"ஐயா எப்படி இருக்காரும்மா?" ஹரிணிதான். அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

பழகிய பதில் ஜெயபுஷ்பத்தின் நாக்கு நுனியில் நின்றது. நல்லா இருக்கார் என்று சொல்லிவிட்டால் இன்னும் மூன்று மாதம் அங்கே ஒரு தாளிலாவது அவர் இருப்பார்.

குளியலறைச் சத்தம் நின்றது.

"அவர் இல்லம்மா. எழுதிக்கோ கண்ணு" என்றாள். இடுப்பு வலி எந்த மாதம் தொடங்கியது என்பதிலிருந்து ஒன்று விடாமல் சொன்னாள்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் வைத்து ஐ.சி.யூ.வுக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் விரலைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டது அதைத்தான்:

"அந்தப் பொண்ணு போன் பண்ணா நெஜத்த சொல்லிடு புஷ்பம். நாளைக்கு ரஃபி பாய்க்கு இப்படி வலி வந்தா, டாக்டரம்மாவுக்கு ஒடனே தெரியணும் இல்ல."