பதினோரு வலது கால்கள்

பெரிய வியாழன் மாலையில் எங்கள் கோயிலில் பன்னிரண்டு ஆண்களை வரிசையாக உட்காரவைத்து, இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோலப் பங்குத்தந்தை அவர்களுடைய பாதத்தைக் கழுவுவார். ஆளுக்கு ஒரு கால்தான், அதுவும் வலது கால். அந்த வருடம் பதினோரு பேர் வலது காலை நீட்டினார்கள். கடைசியில் உட்கார்ந்திருந்த என் மாமனார் இடது காலை நீட்டினார். வலது காலில் சாக்ஸ் அப்படியே இருந்தது. பங்குத்தந்தை கொஞ்சம் தயங்கிவிட்டு, நீட்டிய காலுக்கே தண்ணீர் ஊற்றினார். வேறு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த எனக்குச் சுருக்கென்றது.

நான் ஒரு சந்தேகப்பிராணி. பால்காரரில் தொடங்கி என் வீட்டுக்காரர் வரை யாரும் என்னிடம் தப்பியதில்லை. ஆனால் என் முழுத் திறமையும் செலவானது மாமனாரிடம்தான். உசிலம்பட்டிப் பக்கம் மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்று, மாமியார் போனபிறகு திருப்பரங்குன்றத்தில் எங்களோடு வந்து இருந்தார். சர்க்கரை நோய் வந்து பல வருடம் ஆகியிருந்தது. சீனிச்சேவு என்றால் உயிர். அவர் குளிக்கப் போனால் சட்டைப்பையைத் துழாவுவேன். தலையணையைத் தூக்கிப் பார்ப்பேன். கடைப்பக்கம் நடந்துவிட்டு வந்தால் வாயை ஊதச் சொல்லாததுதான் குறை. சர்க்கரை கூடினால் அன்று முழுக்க வீட்டில் என் குரல் மட்டும்தான் கேட்கும். பள்ளிக்கூடத்தையே அதட்டி ஆண்ட மனிதர், தலையைக் குனிந்து பேப்பருக்குள் போய்விடுவார்.

பெரிய வியாழனுக்கு முந்தைய அந்தத் தவக்கால வாரங்களில் அவரிடம் இரண்டு மாற்றங்களைக் கண்டுபிடித்திருந்தேன். குடித்த டம்ளரைக்கூடக் கழுவாதவர், கொல்லைக் குழாயடியில் தன் சாக்ஸைத் தானே துவைத்தார். முகப்பவுடர் டப்பா பத்து நாளைக்கு ஒன்று காலியாகியது. இரண்டையும் சேர்த்து நான் போட்ட முடிச்சு என்ன தெரியுமா? குழாயடியில் சீனிச்சேவை ஒளித்துவைத்திருக்கிறார் என்பதுதான். செங்கல்லைப் புரட்டிக்கூடப் பார்த்தேன்.

இடது காலைப் பார்த்தபிறகுதான் மூளை சரியான பக்கம் திரும்பியது. மறுநாள் காலை, கோயிலில் சிலுவைப்பாதை வழிபாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரை மறித்தேன்.

“மாமா, வலது கால் சாக்ஸைக் கழட்டுங்க.”

“எதுக்கும்மா? நேரமாகுது.”

“நேத்து ஏன் இடது காலை நீட்டுனீங்க?”

“ஆண்டவருக்கு இடது என்ன, வலது என்ன?”

நான் தரையில் உட்கார்ந்து சாக்ஸை உருவினேன். பவுடர் வாசனையையும் மீறி ஒரு வாடை எழுந்தது. பெருவிரலுக்குக் கீழே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் புண், ஓரமெல்லாம் கறுத்திருந்தது. அவர் யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். “வலியே இல்லம்மா. வலிச்சாச் சொல்லியிருக்க மாட்டேனா?” என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, அவருடைய ஷூவுக்குள் கையை விட்டார். பிறகு என்னையும் விடச் சொன்னார். அடித்தோலைத் தாண்டி ஓர் ஆணியின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. சர்க்கரையில் பாத நரம்புகள் மரத்துப்போனதால் அது குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. அதன்மேல்தான் தினமும் நடந்திருக்கிறார். அவருடைய எல்லாப் பைக்குள்ளும் கைவிட்டவள், அந்த ஷூவுக்குள் மட்டும் விடவில்லை. “காலைக் காப்பாத்திடலாம், விரல் போயிரும். மூணு வாரம் முந்தி வந்திருந்தா விரலும் தப்பிச்சிருக்கும்” என்றார் டாக்டர்.

விரலை எடுத்த இரண்டாம் நாள், வார்டில் கஞ்சி கொடுத்துக்கொண்டே எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். ஒரு மாதமாகத் தெரியும் என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்று பயந்துவிட்டீர்களா என்றேன். அப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவும் கட்டியிருந்தேன்.

“டாக்டருக்கு என்னம்மா பயம்? உனக்குத்தான் பயந்தேன். சேவு தின்னதாலதான் புண்ணு வந்துச்சும்ப. அம்புட்டுப் பேச்சையும் கேக்க எனக்குத் தெம்பு இல்ல” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வாயைத் திறந்து அடுத்த கரண்டிக்குக் காத்திருந்தார். எனக்கு அழுகை வந்தது. அந்த விரல் போனதில் ஆணிக்குப் பாதிப் பங்கு என்றால் என் நாக்குக்கும் பாதி உண்டு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அதற்குப்பின் ஆறு வருடம் இருந்தார். தினமும் காலையில் நான் கேட்காமலே இரண்டு உள்ளங்காலையும் தூக்கிக் காட்டுவார். நானும் பார்த்துவிட்டுப் பேசாமல் போவேன்.

இப்போது எனக்கும் சர்க்கரை. என் மகள் என்னைவிடக் கண்கொத்திப் பாம்பு. வேலை முடிந்து வந்ததும் முதலில் என் கைப்பையைத்தான் திறந்து பார்க்கிறாள். போன மாதம் புதுச் செருப்பு கடித்துக் குதிகாலில் கொப்புளம் வந்து உடைந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் வண்டிச் சத்தம் கேட்டது. என்னை அறியாமல் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். அவள் உள்ளே வந்து, பையைத் துழாவிவிட்டு, சமையலறைக்குப் போனாள். சேலையை விலக்கிக் கொப்புளத்தை இன்னொரு தடவை பார்த்தேன். பிறகு அவளைக் கூப்பிட்டு, காலை நீட்டினேன்.

“இதப் பாரு. நாளைக்கு டாக்டர்ட்டப் போவோம். என்ன தின்னேன்னு மட்டும் கேக்காத.”