சங்கு ஊதினால் துண்டு பறக்கும்

குற்றாலத்தில் சாரல் விழும் நாளெல்லாம் மணிமுத்துவின் கடையில் துண்டு விற்கும். ஆனால் அருவியில் வெள்ளம் வந்து, சங்கு ஊதி, போலீஸார் கூட்டத்தை வெளியேற்றுகிற அந்த அரை மணி நேரத்தில்தான் துண்டு பறக்கும். குளித்துக்கொண்டிருந்தவர்கள் சொட்டச் சொட்ட ஓடி வருவார்கள். மாற்றுத் துணி வண்டியில் இருக்கும். வண்டி தூரத்தில் நிற்கும். துண்டும் அரைக்கால் சட்டையும் கேட்டு முண்டியடிப்பார்கள். அருவிக்கரைத் துணிக்கடைக்காரர் காதில் அபாயச் சங்கு கல்யாண மேளமாகத்தான் கேட்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன் அந்த மேளத்தில் மயங்கித்தான் மணிமுத்து மோசம் போனார். விற்பனை மும்முரத்தில் நின்றவர், தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் கைக்கு அகப்பட்டதை அள்ளிக்கொண்டு ஓடினார். அகப்பட்டது ஒரு மூட்டை ஜட்டி. போனது மனைவி சங்கரம்மாளின் தையல் மிஷின்.

அது வெறும் இரும்பா? கல்யாணமான புதிதில் தன் வளையலை விற்று அவள் வாங்கியது. இருபத்து மூன்று வருஷம் கடையின் மூலையில் அவள் மிதிக்க, அவர் விற்க, அந்தக் கடகடச் சத்தத்திலேயே அவர்கள் குடும்பம் நடந்தது.

"நாப்பது ஜட்டியைக் கட்டிப் பிடிச்சிட்டு வந்தியளே, அதோடயே கடை நடத்துங்க" என்றாள். அதன்பின் அவள் கடைப்படி மிதிக்கவில்லை. வீட்டில் சோறு உண்டு, குழம்பு உண்டு. கடைப் பேச்சு மட்டும் கிடையாது.

மணிமுத்து திருந்தினார். கொஞ்சம் அதிகமாகவே திருந்தினார். தென்காசியில் வியாபாரிகளுக்குப் பேரிடர்ப் பயிற்சி என்று கேள்விப்பட்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். அலமாரிகளை இடுப்புயரத்துக்கு ஏற்றினார். சரக்கையெல்லாம் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகளில் அடைத்தார். பங்குனியில் மலையில் காட்டுத்தீ பிடித்துச் சாம்பல் பறந்து வந்து வெள்ளைத் துண்டுகளில் விழுந்ததும், வாசலில் இரண்டு வாளி மணல் வைத்தார். வந்தவர் போனவரெல்லாம் அதில் வெற்றிலை எச்சில் துப்பினார்கள். அவரும் சலிக்காமல் மணலை மாற்றினார்.

பழைய மிஷின் ஒன்றை வாங்கி மூலையில் நிறுத்தினார். சுவரில் பட்டியல் ஒன்று ஏறியது: ஒன்று, மிஷின். இரண்டு, மெயின் சுவிட்ச். மூன்று, சரக்குப் பெட்டி. நான்கு, ஷட்டர். மொத்தம் எட்டு நிமிஷம்.

செவ்வாய்தோறும் ஒத்திகை. மிஷினின் தலையைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு, மேட்டிலிருக்கும் மைதீனின் டீக்கடைக்கு ஓடுவார்.

"அண்ணாச்சி, இன்னைக்கும் வெள்ளம் வரல போலுக்கே?" என்று மைதீன் டீயை நீட்டுவார். "ஒம்பது நிமிஷம் ஆயிட்டு. ஒங்களுக்காவ தண்ணி ஒரு நிமிஷம் நின்னு வருமா?"

"சிரிங்க பாய், நல்லா சிரிங்க."

இந்தக் கூத்தெல்லாம் சங்கரம்மாள் காதுக்கும் போனது. இந்த ஆனியில் அவளே வாய் திறந்தாள். "ஒரு வாரம் வந்து உக்காருதேன். நம்பிக்கை வரலன்னா மிஷினை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவேன். பெறவு கடையாச்சு, நீங்களாச்சு."

நான்காம் நாள் மத்தியானம் சங்கு ஊதியது.

நனைந்த கூட்டம் கடையை மொய்த்தது. "அண்ணாச்சி, ஒரு துண்டு! பிள்ளை நடுங்குது!" என்று ஒரு தாய் கதறினாள். மணிமுத்துவின் கை பழக்கத்தில் துண்டுக் கட்டுக்கு நீண்டது. சங்கரம்மாள் தையலை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். நீண்ட கை திரும்பியது.

"கடை அடைச்சாச்சு! எல்லாரும் மேட்டுக்குப் போங்க!"

திருகாணிகளைக் கழற்றினார். மிஷினைத் தோளில் ஏற்றினார். எந்தச் செவ்வாயும் ஓடாத ஓட்டம் ஓடினார்.

பாதி மேட்டில்தான் நெஞ்சில் இடி விழுந்தது. பட்டியலில் மிஷின் இருந்தது, சுவிட்ச் இருந்தது, ஷட்டர்கூட இருந்தது. சங்கரம்மாள் இல்லை! இரண்டு வருஷமாக அவளில்லாத கடையில் ஒத்திகை பார்த்த மனுஷன், அவள் இருப்பதையே மறந்துபோனார்.

மிஷினை வழியிலேயே இறக்கிவிட்டுக் கீழே பாய்ந்தார். "சங்கரீ!"

தண்ணீர் கடைப்படியை நக்கிக்கொண்டிருந்தது. நடுங்கிய பிள்ளைக்குத் துண்டைச் சுற்றித் தாயோடு அனுப்பிவிட்டு, சுவிட்சையும் அணைத்துவிட்டு, அவள் நிதானமாக ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தாள். மணிமுத்து அவள் கையைப் பற்றினார், தாலி கட்டிய அன்று பற்றியதைவிட இறுக்கமாக.

"மிஷின் எங்க?"

"வழியில போட்டுட்டேன்."

"மழையிலயா!"

"அது கெடக்கட்டும், நீ மொதல்ல வா. லிஸ்ட்ல ஒன்னைய எழுத மறந்துட்டேன், சங்கரி."

அவள் கண்கள் ஈரமாயின. கேட்டிருந்தால் சாரல் என்றுதான் சொல்லியிருப்பாள்.

பாதி மேட்டில் மைதீன் மிஷினுக்குக் குடை பிடித்தபடி, தான் தொப்பலாக நனைந்து நின்றார்.

"ஏ அண்ணாச்சி, மிஷினுக்குக் குடை பிடிக்கது லிஸ்ட்ல எத்தனாவது நம்பரு?"

"இவுக லிஸ்ட்ல நானே இல்லையாம், மைதீண்ணே" என்றாள் சங்கரம்மாள். "குடைக்கு எங்க போக?"

டீக்கடை பெஞ்சில் மிஷினை வைத்து, முந்தானையால் துடைத்தாள். சக்கரத்தைத் திருப்பினாள். ஊசி இறங்கியது, ஏறியது. கீழே தண்ணீர் இரண்டாம் படியோடு நின்றுவிட்டது. மணிமுத்து அதைப் பார்க்கவில்லை. அவள் என்ன சொல்லப் போகிறாளோ என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"துருப் பிடிக்கதுக்கு முன்ன எண்ணெய் போடணும்" என்றாள். "டப்பா வீட்டுல இருக்கு. நாளைக்குக் கடைக்கு வரும்போது எடுத்துட்டு வாரேன்."